உம்மும்மாவின் அட்டையில் ஓர் எழுத்து

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு தடித்த சீஆர் கொப்பி இருக்கிறது. நோன்பு மாதம் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் வாப்பா அதை இறக்குவார். பட்டாணிச்சூரில் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் கஷ்டப்படும் குடும்பங்களின் பெயர்கள் அதில் இருக்கும். வாப்பாவும் அவரது கூட்டாளிமார் நான்கைந்து பேரும் கைக்காசு போட்டு அரிசி, சீனி, பருப்பு, பேரீச்சம்பழம் என்று உலருணவுப் பொதி கட்டிக் கொடுப்பார்கள். கொடுத்து முடிந்ததும் பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம் விழும். அவ்வளவுதான் அவர்களுடைய முறைமை.

சென்ற வருடம் அதில் ஒரு தவறு நடந்தது. ஒரே வீட்டை இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு இரண்டு பொதிகள் போயின. ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. பெருநாளைக்குப் பிறகுதான் தெரிய வந்தது. வாப்பாவுக்கு அது பெரிய மனவருத்தம்.

இந்த வருடம் கொப்பியை இறக்கியபோது என்னைக் கூப்பிட்டார். "மகள், நீங்க உயர்தரத்தில ஐசிடி படிக்கிறீங்கதானே. ஒரே வீட்டை ரெண்டு தரம் எழுதாம இருக்க ஏதாவது செய்யேலுமா?" என்று கேட்டார்.

செய்ய முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நல்ல வேளையாக, பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் என் ராத்தா விடுமுறையில் வீட்டில் நின்றார்.

நாங்கள் செய்ய நினைத்தது பெரிய விடயமல்ல. வாப்பாவின் கூட்டாளிமாருடைய பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தங்கள் கைத்தொலைபேசியில் குடும்ப விபரங்களைப் பதிய வேண்டும். எல்லாப் பதிவுகளும் ஓரிடத்தில் சேர வேண்டும். பதிகின்ற பக்கத்தை கிளையன்ட் என்பார்கள். சேர்த்து வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கின்ற பக்கம் சேவையகம். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒழுங்குதான் ஏபிஐ. கிராம சேவையாளரிடம் ஒரு கடிதம் எடுக்கப் போனால் படிவம் தருவார்கள் அல்லவா? எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும், எது கட்டாயம், எழுதிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் முதலே முடிவாகியிருக்கும். ஏபிஐ என்பதும் அப்படி ஒரு படிவந்தான். நிரப்புவதும் வாசிப்பதும் மனிதர்களல்ல, இரண்டு கணினி நிரல்கள்.

இதற்கு முன்னர் பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்காக நானும் ராத்தாவும் இப்படி ஒன்றைக் கையாலேயே எழுதியிருந்தோம். நான் சேவையகத்தில் "பெயர்" என்று ஒரு கட்டம் வைத்தேன். ராத்தா தனது பக்கத்தில் "முழுப்பெயர்" என்று வைத்தார். அவர் அனுப்பியது எனக்கு விளங்கவில்லை. நான் அனுப்பியது அவருக்கு விளங்கவில்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒரு பின்னேரம் முழுவதும் பிழை தேடினோம்.

ஆகவே இம்முறை ராத்தா வேறு வழி சொன்னார். "முதல்ல ரெண்டு பேரும் சேந்து படிவத்தை மட்டும் எழுதுவோம். மிச்சத்தை மெஷின் எழுதட்டும்."

அந்தப் படிவத்தை எழுதுவதற்கு ஓப்பன்ஏபிஐ என்று ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவில் வேர்ட்னிக் என்ற இணைய அகராதியில் பணியாற்றிய டோனி டாம் என்பவர் தொடக்கிய ஸ்வாகர் என்ற திட்டமே அதன் ஆரம்பம். 2015 இல் அது லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகே இந்தப் பெயர் வந்தது. படிவம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் நாங்கள் எழுதியவை இவ்வளவுதான்: குடும்பத் தலைவரின் பெயர் எழுத்துச்சரம், வீட்டு முகவரி எழுத்துச்சரம், அங்கத்தவர் தொகை நிறையெண், அடையாள அட்டை இலக்கம் நிறையெண், கட்டாயம். புதிய குடும்பத்தைச் சேர்ப்பதற்கு ஒரு வழி, பட்டியலைப் பார்ப்பதற்கு ஒரு வழி, பொதி கொடுத்ததைக் குறிப்பதற்கு ஒரு வழி. மொத்தம் நூறு வரிகள்கூட வரவில்லை.

பிறகு ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் என்ற இலவசக் கருவியிடம் அந்தக் கோப்பைக் கொடுத்தோம். ஒரே கட்டளையில் எனக்குப் பைதன் மொழியில் சேவையகத்தின் எலும்புக்கூடு வந்தது. இன்னொரு கட்டளையில் ராத்தாவுக்கு அவரது மொழியில் கிளையன்ட் வந்தது. பாதைகள், கட்டங்களின் பெயர்கள், வருவது சரியான வகைதானா என்ற சோதனை எல்லாம் எழுதப்பட்டிருந்தன. கண்காட்சிக்காக ஒரு கிழமை அடித்த வேலை ஒரு நிமிடத்துக்குள் கிடந்தது. என்னுடைய கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு செயலுக்கும் உள்ளே "ஏதாவது மாயம் செய்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் இருந்தது. கருவி அந்த இடத்தை எனக்காக விட்டிருந்தது. படிவத்தை வாங்கி, சரிபார்த்து, உரிய மேசைக்குக் கொண்டுவரும் வேலையை அது செய்யும். மேசையில் என்ன முடிவெடுப்பது என்பது என் பொறுப்பு.

"இது அந்த ஏஐ எழுதினதா?" என்று வாப்பா கேட்டார். பெற்றோர் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். இது அதுவல்ல. நாம் கேட்பதற்கு உரையாடி விடை எழுதும் செயலிகள் ஊகித்து எழுதுகின்றன. ஒரே கேள்விக்கு இன்று ஒன்றும் நாளை வேறொன்றும் சொல்லக்கூடும். இந்தக் கருவி ஊகிப்பதில்லை. ஒரே படிவத்தை ஒரே விதமாகப் பத்து முறை கொடுத்தால் பத்து முறையும் ஒரே குறிமுறையே வரும். அச்சுக்கல்லை வைத்து அச்சடிப்பதைப் போன்றது.

இந்த யோசனை புதியதுமல்ல, நமக்கு அந்நியமானதுமல்ல என்று ராத்தா சொன்னார். தூரத்துக் கணினியோடு பேசும் குறிமுறையைக் கருவியே எழுதிக் கொடுக்கும் முறையை ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் என்ற இருவர் 1984 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள். 2000 இல் வலைச் சேவைகளை விபரிப்பதற்கென டபிள்யூஎஸ்டிஎல் என்ற படிவ மொழி வெளியானது. அதை எழுதிய நால்வரில் ஒருவர், அப்போது ஐபிஎம் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த சஞ்சீவ வீரவர்ண என்ற இலங்கையர். பின்னர் அந்தப் படிவத்தை வாசித்து இரு பக்கத்துக் குறிமுறையையும் எழுதித் தரும் அப்பாச்சி அக்ஸிஸ்2 என்ற திறந்த மென்பொருள் வந்தது. அதை உருவாக்கியவர்களில் இலங்கைப் பொறியியலாளர்கள் பலர் இருந்தார்கள். அவர் 2005 இல் போல் ஃபிரிமான்டில் என்பவருடன் சேர்ந்து ஆரம்பித்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பலரீனா என்றொரு நிரல் மொழியையே உருவாக்கியிருக்கிறது. ஓப்பன்ஏபிஐ படிவத்தைக் கொடுத்தால் கிளையன்டையும் சேவையகத்தையும் எழுதித் தரும் கருவி அந்த மொழியிலும் இருக்கிறது. நம் நாட்டவர் கைபட்ட ஒரு துறை என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் முதல் பிழையை விட்டேன். கருவி தந்த கோப்புக்குள்ளேயே என் குறிமுறையை எழுதினேன். இரண்டு நாள் வேலை. பின்னர் படிவத்தில் தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு கட்டம் சேர்த்து, கட்டளையை மறுபடி ஓடவிட்டேன். கருவி தன் கோப்பைப் புதிதாக எழுதியது. நான் எழுதியதெல்லாம் போய்விட்டது. எல்லா இடத்திலும் பழையபடி "ஏதாவது மாயம் செய்". அழுகை வந்தது. ராத்தா சிரித்துவிட்டு, "கருவிட கோப்பு கருவிக்கு. உன்ட கோப்பு உனக்கு. ரெண்டையும் கலக்காதே" என்றார். என் குறிமுறையை வேறு கோப்பில் எழுதி, கருவியின் கோப்பிலிருந்து அதை அழைத்தால் போதும். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

அந்த வேறு கோப்பில் நான் எழுதிய முக்கியமான விதி இது: ஒரே அடையாள அட்டை இலக்கம் இரண்டாவது தடவை வந்தால் அது அதே குடும்பம்; ஆகவே பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடு. முகவரியைத் திருத்துவதற்கும் வசதி, ஒரு வீட்டை இரண்டு தரம் எண்ணவும் மாட்டாது. வாப்பாவின் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

பதிவு தொடங்கியது. நான்கு பேர் இரண்டு நாட்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார்கள். முதல் நாளே பக்கத்து வீட்டுத் தங்கச்சி கோல் எடுத்து, "இந்த வீட்டுப் பெரியம்மாட கார்ட் நம்பர் போகுதில்ல, என்ன செய்ய?" என்று கேட்டாள். நான் அப்போது பௌதிகவியல் கணக்கு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என்ன, ஏது என்று விசாரிக்கவில்லை. "இப்போதைக்கு 0 போடு, பிறகு பாப்பம்" என்றேன். அவள் மற்ற மூவருக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிறகு நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் இரவு பட்டியலைத் திறந்தேன். 41 குடும்பங்கள். ஒரு பிழைச் செய்தியும் இல்லை. ராத்தாவின் பக்கமும் என் பக்கமும் அழகாகப் பேசிக்கொண்டன. வாப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கடைக்காரரிடம் 41 பொதி கட்டச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அஸருக்குப் பிறகு உம்மும்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேத்திமார் இருவரும் இத்தனை நாளாக என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசை. "எண்ட பேரையும் ஒருக்கா போட்டுக் காட்டு புள்ள" என்றார். பெயர், முகவரி எல்லாம் பதிந்தேன். அடையாள அட்டையைத் தனது சின்னப் பேர்ஸிலிருந்து எடுத்துத் தந்தார். ஓரங்கள் தேய்ந்த பழைய அட்டை. ஒன்பது இலக்கங்கள்; கடைசியில் வீ என்ற ஆங்கில எழுத்து.

ஒன்பது இலக்கங்களையும் அடித்தேன். எழுத்தை அடிக்கத் தேடினால் தொலைபேசியில் எண்கள் மட்டுமே வந்தன. நிறையெண் என்று நாங்கள் எழுதியதால் ராத்தாவின் பக்கம் எண்பலகையை மட்டும் காட்டியது. என் பக்கத்துக்கு எழுத்து வந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கும். படிவம் சொன்னபடி இரண்டும் சரியாகவே நடந்தன.

உம்மும்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நாள் செக்பொயின்ட்ல எல்லாம் இந்தக் கார்ட்டைக் காட்டித்தானே நான் இன்னாரெண்டு சொன்னனான். இப்ப பேத்திட போனுக்குள்ள போக ஏலாமக் கிடக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

உம்மும்மா முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பிள்ளைகளோடு இறங்கி வந்தவர். வீடும் தோட்டமும் ஆடு மாடும் அங்கேயே நின்றுவிட்டன. கையில் வந்தவற்றுள் இந்த அட்டையும் ஒன்று. அதற்குப் பிறகு எத்தனை வரிசைகள், எத்தனை பட்டியல்கள்! பெயர் பட்டியலில் இருந்தால் அரிசி, இல்லாவிட்டால் இல்லை. அந்தக் கதைகளைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது நானே ஒரு பட்டியல் செய்திருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப்போய்க் கொப்பியை இறக்கி, பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்த்தேன். கொப்பியில் 63 பெயர்கள். அவர்களில் 23 பேருக்குப் பழைய அட்டை. 23 பேருக்கும் 0 போடப்பட்டிருந்தது. என் விதிப்படி 0 என்பது ஒரே ஆள். ஒருவரின் மேல் ஒருவராக எழுதப்பட்டு, கடைசியாக வந்தவர் மட்டுமே மிஞ்சியிருந்தார். 22 குடும்பங்கள் சத்தமில்லாமல் அழிந்துபோயிருந்தன. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் யார்? வயதானவர்கள். எங்கள் கொப்பியில் அவர்களில் அநேகர் தனியாக இருக்கும் உம்மாமார்.

ஏன் நிறையெண் என்று எழுதினேன்? என் அட்டையைப் பார்த்து எழுதினேன். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள், எழுத்துக் கிடையாது. என் வயதுத் தோழிகள் எல்லோரிடமும் அதுதான் இருக்கிறது. இன்னொன்றும் யோசித்திருக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை யாரும் கூட்டுவதுமில்லை, கழிப்பதுமில்லை. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம்; அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருக்கும். அது ஒரு தொகையல்ல. இலக்கங்களால் எழுதிய ஒரு பெயர். தொலைபேசி இலக்கமும் அப்படியே. அதையும் நான் நிறையெண் என்றே எழுதியிருந்தேன். எல்லோருடைய முதல் 0 உம் காணாமற்போயிருந்தது.

கையால் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ராத்தாவிடம் கேட்டேன். இரண்டு பேரில் ஒருவராவது வேறு மாதிரி எழுதியிருப்போம், எங்கேயோ முட்டியிருக்கும், அந்த முட்டலில் பிழை தெரிந்திருக்கும் என்றார். ஒரே படிவத்திலிருந்து பிறந்த இரண்டு பக்கங்களும் ஒரே ஆள் சொல்லிக் கொடுத்த இரண்டு சாட்சிகளைப் போன்றவை. அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதில்லை என்பதால் சொல்வது உண்மை என்றாகாது.

வாப்பாவிடம் சொல்லப் போகும்போது கால் நடுங்கியது. அவர் ஏசவில்லை. முதலில் கடைக்காரருக்குக் கோல் எடுத்து, 41 அல்ல, 63 என்று சொன்னார். பிறகு, "கொப்பியை ஒதுக்கிப் போடாம வெச்சது நல்லதாப் போச்சு" என்றார். உம்மா மட்டும், "அடுத்தவங்கட பேரைக் கையில எடுத்தா அது அமானிதம் மகள்" என்றார். அது ஏச்சை விட அதிகமாக எனக்குப் பட்டது.

அன்றிரவு படிவத்தில் நிறையெண் என்ற சொல்லை இரண்டு இடங்களில் எழுத்துச்சரம் என்று மாற்றினோம். கட்டளையை ஓடவிட்டோம். இரு பக்கமும் புதிதாக எழுதப்பட்டன. என் குறிமுறை தன் கோப்பில் பத்திரமாக இருந்தது. ராத்தாவின் பக்கத்தில் எழுத்துப்பலகை வந்தது. எல்லாம் அரை மணித்தியாலம். பிழை எவ்வளவு வேகமாகப் பரவியதோ அவ்வளவு வேகமாகத் திருத்தமும் பரவியது. கையால் எழுதியிருந்தால் எங்கெங்கு மாற்ற வேண்டும் என்று தேடியே விடிந்திருக்கும்.

அழிந்த பெயர்களைத் திரும்பப் பதியும்போது வாப்பா இன்னொன்று கேட்டார். "கார்டே இல்லாத ஆளுக்கு என்ன செய்வீங்க?" கொப்பியில் அப்படி ஒருவர் இருந்தார். உம்மும்மா பக்கத்திலிருந்து, "ஒரு பொதி அரிசி குடுக்க நம்பர் எதுக்கு? வீட்டைத் தெரியாதா?" என்றார். எனக்கும் ராத்தாவுக்கும் பதில் இல்லை. பிறருடைய அட்டை இலக்கங்களை எங்கள் தொலைபேசிகளில் சேர்த்து வைப்பதும் சரியில்லை என்று அப்போதுதான் யோசித்தோம். அந்தக் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். பதிவு ஒவ்வொன்றுக்கும் சேவையகமே ஓர் இலக்கம் கொடுக்கும். ஒரே வீடு இரண்டாவது தடவை வந்தால் மேலே எழுதாமல், "இந்த வீடு ஏற்கெனவே இருக்கிறது, பாருங்கள்" என்று மனிதரிடம் கேட்கும். மறுபடி ஒரு கட்டளை. மறுபடி இரு பக்கமும் சரி.

இந்த வருடம் 63 பொதிகளும் போய்ச் சேர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு வாப்பா என்னையே அனுப்பினார்.

கருவி குறிமுறை எழுதினால் நாம் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று என் தோழிகள் சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில் இதுதான். கருவி எழுதியவற்றில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழை நான் எழுதிய ஒரு சொல்லில், நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியில் இருந்தது. அலுப்பான வரிகளைக் கருவி எழுதட்டும். எனக்கு அதில் கவலையில்லை. யார் யாரெல்லாம் இந்தப் படிவத்தை நிரப்ப வருவார்கள் என்பதை அதனால் அறிய முடியாது. அதை ஒழுங்கையில் நடந்துதான் அறிய வேண்டும். பக்கத்து வீட்டுத் தங்கச்சி சொன்னால் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

இப்போது பாடத்துக்காக எந்தப் படிவம் எழுதினாலும் கருவியிடம் கொடுப்பதற்கு முன்னர் உம்மும்மாவிடம் வாசித்துக் காட்டுகிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்: "இதுக்குள்ள நான் போவேனா புள்ள?"